வெட்டிய கிளைக்கு யார் பொறுப்பு?

வேர்ட் ஃபைல் ஒன்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் வாலில் இருக்கும் 'டாக்எக்ஸ்' என்பதை அழித்து 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில ஃபோல்டர்கள் தெரியும். 'வேர்ட்' என்ற ஃபோல்டருக்குள் 'டாக்குமென்ட்' என்றொரு ஃபைல். நீங்கள் தட்டச்சு செய்த வாடகை ஒப்பந்தமோ சிறுகதையோ அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியையும், பத்திக்குள் ஒரே எழுத்துருவில் ஓடும் ஒவ்வொரு சொற்கோவையையும் முனை அடைப்புக்குள் இட்ட குறிகள் சூழ்ந்திருக்கும். ஆபீஸ் 2007 வந்ததிலிருந்து வேர்டின் இயல்பான வடிவம் இதுதான். இந்த எழுத்துமுறைக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர்.

அந்தக் குறிகளை நாங்கள் டேக் என்போம். டேக் போடுவதுதான் என் முதல் வேலை. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டி, எக்ஸ்எம்எல் ஆக்கித் தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஏராளம். இதயநோய் பற்றி லண்டனில் ஒருவர் எழுதும் கட்டுரைக்கு 'இது தலைப்பு, இது சுருக்கம், இது மேற்கோள் பட்டியல்' என்று அடையாளம் வைப்பவர் தரமணியில் உட்கார்ந்திருக்கக்கூடும். அப்படி உட்கார்ந்திருந்தவள் நான். பிறகு அந்த டேக்குகளைப் படிக்கிற, வெட்டுகிற, ஒட்டுகிற புரோகிராம்கள் எழுதும் பக்கத்துக்கு மாறினேன். முழு ஆவணத்தைக் கையாள்வது சுலபம். என் வேலைநாளில் பெரும்பகுதியைத் தின்றது ஆவணத்தின் துண்டுகள்தான். எக்ஸ்எம்எல்லைக் கையாளும் நிரல் நூலகங்கள், அதாவது நாங்கள் லைப்ரரி என்று சொல்பவை, ஒரு துண்டை எப்படிப் பார்க்கின்றன என்பதில் அவற்றை எழுதியவர்களின் குணமே தெரிந்துவிடும்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். எக்ஸ்எம்எல் விதிப்படி டேக்கின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், இதோ ஒரு குட்டி ஆவணம்:

<நூல்>
  <தலைப்பு>கிணற்றடி</தலைப்பு>
  <அத்தியாயம்>
    <பத்தி>மழை விட்டிருந்தது.</பத்தி>
    <பத்தி>வாளியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.</பத்தி>
  </அத்தியாயம்>
</நூல்>

திறந்த டேக்கை மூட வேண்டும். உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஒரு டேக் சூழ்ந்திருக்க வேண்டும். இங்கே 'நூல்' அப்படிச் சூழ்கிறது. அதற்கு வேர் என்று பெயர். வேருக்குக் கீழே தலைப்பும் அத்தியாயமும் பிள்ளைகள், அத்தியாயத்துக்குப் பத்திகள் பிள்ளைகள். இணைய வழிமுறைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட முதல் எக்ஸ்எம்எல் விதியிலேயே இந்த ஒற்றை வேர்க் கட்டளை இருக்கிறது. இரண்டு பத்திகளை மட்டும் தனியே எடுத்து அடுத்தடுத்து வைத்தால் அது எக்ஸ்எம்எல் ஆவணம் ஆகாது. வேர் இரண்டாகிவிட்டது.

ஆனால் நடைமுறையில் நாம் எந்நேரமும் கேட்பது அந்த இரண்டு பத்திகளைத்தான். கட்டுரையில் சுருக்கம் மட்டும் போதும், நூலில் மூன்றாம் அத்தியாயம் மட்டும் போதும் என்பார்கள். துண்டு பிறக்கும் வழி இது ஒன்று மட்டும் இல்லை. புதிதாக எழுதிக்கொண்டிருக்கும் ஆவணத்தில் இன்னும் எங்கும் பொருத்தாத கிளை ஒன்று கையில் இருக்கலாம். பெரிய ஃபைலைப் படித்துக்கொண்டே போகும்போது பாதி மரம்தான் வந்து சேர்ந்திருக்கும். வெட்டியது, இன்னும் பொருத்தாதது, இன்னும் வந்து முடியாதது என்று துண்டுகளில் மூன்று ஜாதி. மூன்றுக்கும் பிரச்சினை வேறு வேறு.

கூட வராத சொந்தங்கள்

வெட்டியதில் தொடங்குவோம். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு ஜாட்ஸ் என்றொரு டேக் தொகுப்பு உண்டு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003ல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து வளர்ந்து, 2012ல் அமெரிக்கத் தரநிலையானது. அதில் கட்டுரையின் சுருக்கம் தனிக் கிளை. மருத்துவக் கட்டுரைப் பட்டியல்களுக்கு அந்தச் சுருக்கத்தைத்தான் தனியாக அனுப்புவோம்.

சுருக்கத்துக்குள் ஒரு கணிதச் சமன்பாடு இருக்கிறது என்று வையுங்கள். கணித டேக்குகள் 'மேத்எம்எல்' என்ற வேறொரு தொகுப்பைச் சேர்ந்தவை. இரண்டு தொகுப்பிலும் ஒரே பெயர் வந்தால் குழம்பாமல் இருக்க, கணித டேக்குகளுக்கு முன்னால் 'எம்எம்எல்' என்று ஒரு முன்னொட்டு போடுவார்கள். 'இந்த முன்னொட்டு வந்தால் அது மேத்எம்எல் என்று புரிந்துகொள்' என்ற அறிவிப்பு ஆவணத்தின் வேரில் ஒரே ஒரு முறை இருக்கும். 1999 ஜனவரியில் வந்த பெயர்வெளி விதி இது. மேலே அறிவித்தால் கீழே இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லும்.

இப்போது சுருக்கத்தின் தொடக்கக் குறி முதல் முடிவுக் குறி வரை, வெறும் எழுத்தாகக் கத்தரித்து வேறு ஃபைலில் போடுங்கள். பார்க்கக் குறையே தெரியாது. திறந்தது எல்லாம் மூடியிருக்கும், வேரும் ஒன்றுதான். டேக்குகளைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சரில் கொடுத்தால் 'முன்னொட்டு எம்எம்எல் வரையறுக்கப்படவில்லை' என்று நின்றுவிடும். அறிவிப்பு பழைய வேரோடு தங்கிவிட்டது.

இதாவது சத்தம் போட்டு நிற்கிறது. சத்தம் போடாமல் போவது இன்னும் மோசம். 'இந்தப் பகுதி பிரெஞ்சு' என்று மேலே ஒரு பெற்றோர் டேக்கில் மொழிக் குறிப்பு இருந்தால், அது கீழே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கிளையை வெட்டியதும் அது போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிரெஞ்சுப் பத்தி ஆங்கில விதிப்படி வரி முறிந்து அச்சாகும். கட்டுரைக்குள் '12ஆம் மேற்கோளைப் பார்க்க' என்றிருக்கும் சுட்டி, பின்பக்கப் பட்டியலில் இருக்கும் ஓர் அடையாள எண்ணைக் காட்டும். பகுதியை மட்டும் வெட்டினால் சுட்டி இருக்கும், சுட்டப்பட்டது இருக்காது.

வேர்ட் ஃபைலில் இதன் விளைவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் உள்ள பத்தியின் டேக்குகளைப் பார்த்தால் படம் அங்கே இருக்காது. 'உறவு எண் 5' என்பது போல ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண் எந்தப் படத்தைக் குறிக்கிறது என்ற பட்டியல் இன்னொரு ஃபைலில் இருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே இன்னொரு வேர்ட் ஃபைலுக்குள் ஒட்டும் புரோகிராமை அவசரத்தில் எழுதுபவர்கள் நிறைய பேர். புது ஃபைலிலும் உறவு எண் 5 என்று ஒன்று இருந்துவிட்டால் வேடிக்கைதான். நீங்கள் கொண்டுபோன அணைக்கட்டுப் படம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய நிறுவன முத்திரை சிரிக்கும். விமர்சனக் குறிப்புகளும் அப்படித்தான். குறிப்பு தொடங்கும் இடத்தில் ஒரு டேக், முடியும் இடத்தில் ஒரு டேக், குறிப்பின் வாசகம் வேறொரு ஃபைலில். நடுவில் வெட்டினால் தொடக்கம் ஒரு துண்டிலும் முடிவு இன்னொரு துண்டிலும் போய்விடும்.

டிஜிட்டல் கையொப்பம் வந்தபோது இந்த விவகாரம் பாதுகாப்புச் சிக்கலாகவே மாறியது. எக்ஸ்எம்எல்லில் ஒரு கிளைக்கு மட்டும் கையொப்பமிடலாம். கையொப்பமிடும் முன், இடைவெளி, மேற்கோள் குறி போன்ற சில்லறை வேறுபாடுகளை நீக்கி கிளையை ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். முதலில் வந்த முறையில், மேலே முன்னோர்கள் அறிவித்த பெயர்வெளிகள் எல்லாம் அந்தக் கிளையின் கணக்கில் சேர்ந்துவிடும். அதே கிளையை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பினால் முன்னோர்கள் மாறிவிடுவார்கள். உள்ளே ஓர் எழுத்துக்கூட மாறாதபோதும் கையொப்பம் செல்லாது என்று வரும். இதற்காகவே 2002ல் டபிள்யூ3சி இன்னொரு முறையை வெளியிட்டது. கிளை தன் டேக்குகளில் உண்மையில் பயன்படுத்தும் பெயர்வெளிகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள், மற்றதை விடு என்பதுதான் அதன் சாரம். ஒரு துண்டு தன் முன்னோரிடமிருந்து எதை எடுத்துச்செல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு தரநிலையே எழுத வேண்டியதாயிற்று.

முழு ஆவணத்துக்கும் சேர்த்துக் கையொப்பம் இருந்தால் துண்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஆதார் ஆஃப்லைன் கேஒய்சி என்று இறக்கிக்கொள்ளும் ஜிப்புக்குள் இருப்பது கையொப்பமிட்ட ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல். முகவரி மட்டும் போதுமே என்று அந்தப் பகுதியை வெட்டிக் கொடுத்தால், முகவரி சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி எதுவும் கூட வராது.

ஒரே கிளை, இரண்டு மரம்

வெட்டுவதற்கு அடுத்தது ஒட்டுவது. ஒரு மரத்தில் இருக்கும் கிளையை இன்னொரு மரத்தில் சேர்க்கச் சொன்னால் லைப்ரரி என்ன செய்ய வேண்டும்? கேள்வி ஒன்றுதான். நான் பழகிய லைப்ரரிகளில் நான்கு விதமான பதில்கள் கிடைக்கின்றன.

டாம் என்பது உலாவிகளுக்குள் எல்லாம் இருக்கும் மர மாதிரி. டபிள்யூ3சி 1998 அக்டோபரில் வெளியிட்டது. ஒரே ஆவணத்துக்குள் என்றால், டாம் கிளையைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கிப் புது இடத்தில் நட்டுவிடும். கேட்காது, சொல்லாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு நாள் வந்து நின்றாள்.

"அக்கா, பத்து ஆத்தர்ல அஞ்சு பேர்தான் புது லிஸ்டுக்கு வந்திருக்காங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு வந்திருக்கு. மீதி அஞ்சு பேர் பழைய இடத்துலயே நிக்கிறாங்க."

"லூப்ல எண்ணிக்கிட்டே நகர்த்தினியா?"

"ஆமாக்கா."

"முதல் ஆளைத் தூக்கினதும் ரெண்டாவது ஆள் முதல் இடத்துக்கு வந்துடுவார்மா. நீ அடுத்து ரெண்டாவது இடத்தைத்தானே பார்க்கிறே? அங்கே நிக்கிறது மூணாவது ஆள்."

அவள் சேர்ப்பதாக நினைத்தாள். டாம் நகர்த்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் பட்டியல் கண்முன்னே சுருங்கச் சுருங்க, எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பட்டியலைப் பின்னாலிருந்து எண்ணினாலோ, 'முதல் பிள்ளை இருக்கும்வரை நகர்த்து' என்று எழுதினாலோ தீர்ந்தது.

ஆவணம் விட்டு ஆவணம் போவதென்றால் டாமின் குணமே வேறு. அதில் ஒவ்வொரு கிளையும் பிறக்கும்போதே ஓர் ஆவணத்துக்குச் சொந்தம். எங்கும் பொருத்தாமல் தொங்கும் கிளைக்குக்கூட உரிமையாளர் ஆவணம் உண்டு. இன்னொரு ஆவணத்தில் சேர்க்கப் போனால் 'தவறான ஆவணம்' என்று பிழை வரும். முதல் பதிப்பில் ஆவணம் தாண்டுவதற்கு வழியே இல்லை. நகலெடுத்துக் கொண்டுபோகும் வசதி 2000ல் 'இரண்டாம் நிலை' என்ற பதிப்பில் வந்தது. கிளையையே தத்து கொடுக்கும் வசதிக்கு 2004 வரை, மூன்றாம் நிலை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய உலாவிகள் கேட்காமலே தத்து எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது பதில் ஜாவா உலகத்தில் இருந்து. 2000ல் பிரெட் மெக்லாலினும் ஜேசன் ஹண்டரும் ஜேடாம் எழுதினார்கள். 2002ல் எலியட் ரஸ்டி ஹெரால்ட் எக்ஸ்ஓஎம் எழுதினார். இரண்டிலும் ஆவணமே இல்லாமல் ஒரு கிளையை உருவாக்கலாம், உரிமையாளர் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பெற்றோர் இருக்கும் கிளையை இன்னொரு பெற்றோரிடம் சேர்க்க முடியாது. நம் ரேஷன் கார்டு முறைதான். கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்காமல் புகுந்த வீட்டுக் கார்டில் ஏற்ற மாட்டார்கள். எக்ஸ்ஓஎம்மும் முதலில் 'பிரி' என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் 'பெற்றோர் ஒன்றுக்கு மேல்' என்று பிழையைத் தூக்கி முகத்தில் எறியும். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். ஆனால் ஆசிரியர் ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் 2007ல் டாட்நெட் 3.5ஓடு தந்த லிங்க் டு எக்ஸ்எம்எல். ஏற்கெனவே பெற்றோர் உள்ள கிளையைச் சேர்க்கச் சொன்னால் அது சத்தமில்லாமல் ஒரு நகல் எடுத்து நகலைச் சேர்க்கும். பழையது பழைய இடத்திலேயே இருக்கும். வசதிதான். பிறகு ஒன்றைத் திருத்திவிட்டு மற்றது ஏன் மாறவில்லை என்று கேட்கக் கூடாது.

நான்காவது பைத்தானின் எலிமென்ட்ட்ரீ. எழுதியவர் ஃப்ரெட்ரிக் லுண்ட். 2006ல் பைத்தான் 2.5ஓடு சேர்ந்து வரத் தொடங்கியது. அதில் ஒரு கிளைக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும், பெற்றோரைத் தெரியாது. அந்தச் சுட்டியே கிடையாது. ஆகவே ஒரே கிளையை இரண்டு மரத்தில் தாராளமாகச் சேர்க்கலாம், இரண்டிலும் அதே கிளைதான் இருக்கும். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருந்தும். துண்டுகளுக்கு இதைவிடச் சுதந்திரம் தரும் லைப்ரரியை நான் பார்த்ததில்லை. ஆனால் 'உனக்கு மேலே யார்?' என்று ஒரு துண்டிடம் கேட்டால் பதில் வராது. மொழிக் குறிப்பு மேலே எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், மரத்தின் உச்சியிலிருந்து நீங்களே இறங்கி வரவேண்டும். இதே அழைப்பு முறைகளோடு எழுதப்பட்ட எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியில் பெற்றோரைக் கேட்கலாம். அதற்கு விலையாக, அது டாம் போலக் கிளையை நகர்த்திவிடும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பொய் வேர்

இன்னும் எங்கும் பொருத்தாத துண்டுக்கு டாம் தனியாகவே ஒரு வகை வைத்திருக்கிறது. 'ஆவணத் துண்டு' என்பதே அதன் பெயர். முதல் பதிப்பிலிருந்தே உண்டு. அதற்குள் எத்தனை கிளைகளை வேண்டுமானாலும் போடலாம், ஒற்றை வேர் விதி அதற்கில்லை. அதை மரத்தில் ஓர் இடத்தில் சேர்த்தால், உள்ளே இருந்த பிள்ளைகள் மட்டும் வரிசையாகப் போய் உட்காரும். துண்டு என்ற உறை போகாது, காலியாக உங்கள் கையிலேயே நிற்கும். உலாவியில் நூறு வரிப் பட்டியலை ஒரே மூச்சில் செருகுகிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் வரம்பும் தெளிவு. இது முழு ஆவணம் ஆகாது, ஆகப்போவதாக நடிக்கவும் இல்லை.

எக்ஸ்ஓஎம்மில் அப்படி ஒரு வகை கிடையாது. ஹெரால்டின் பிடிவாதம் வேறு. லைப்ரரியில் எந்தக் கணத்தில் பார்த்தாலும், ஆவணம் என்று ஒன்று இருந்தால் அது விதிக்கு உட்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும். வேர் இல்லாத ஆவணத்தை உருவாக்கவே முடியாது, உருவாக்கும்போதே வேரைக் கொடுத்தாக வேண்டும். ஜேடாம் இதில் தாராளம். வேர் இல்லாமல் ஆவணத்தை உருவாக்கிவிட்டு வேரைப் பிறகு கொடுக்கலாம், நடுவில் யாராவது 'வேர் எங்கே?' என்று கேட்டால்தான் பிழை.

ஹெரால்டின் கொள்கை அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு ஃபைலைப் படிக்கத் தொடங்கும் முதல் கணத்தை யோசியுங்கள். ஆவணத்தை உருவாக்க வேண்டும். வேர் என்னவென்று இன்னும் படிக்கவில்லை. வேர் இல்லாமல் ஆவணம் இருக்கக் கூடாது. என்ன செய்வது? எக்ஸ்ஓஎம்மின் மூலநிரலைத் திறந்து, படிக்கும்போது கிளைகளை உருவாக்கும் பகுதியைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே 'பொய்வேர்' என்றே பொருள்படும் பெயர்வெளியில் ஒரு டேக் உருவாகி வேரின் இடத்தில் உட்காருகிறது. நிஜ வேர் வந்து சேர்ந்ததும் அது மாற்றப்படும். வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மரியாதையும் வந்தது. அவ்வளவு கண்டிப்பான லைப்ரரியே, பாதி மரம் என்ற நிலையை ஒழிக்க முடியாமல் ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறது. ஆனால் மூலநிரலில் அதை ஒளிக்கவில்லை, பெயரிலேயே பொய் என்று எழுதிவைத்திருக்கிறது. அரைகுறை நிலை எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். அது பயன்படுத்துகிறவர் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் லைப்ரரி தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

வந்துகொண்டே இருக்கும் மரம்

மூன்றாம் ஜாதித் துண்டைப் பார்க்கத் தமிழ் விக்கிப்பீடியாவே போதும். அதன் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சொற்பட்டியல் தயாரிப்பவர்களும் எழுத்துப்பிழை திருத்தி செய்பவர்களும் முதலில் தேடிப்போகும் இடம் அது. ஆங்கில விக்கிப்பீடியாவின் ஃபைலைப் பிரித்தால் பல பத்து ஜிகாபைட் தேறும். முழு மரத்தையும் நினைவகத்தில் நிறுத்த வேண்டுமானால் ஃபைலின் அளவைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். வீட்டு மடிக்கணினியில் அது நடக்காது.

டேவிட் மெகின்சன் முன்னின்று 1998 மே மாதம் வெளியிட்ட சாக்ஸ் என்ற முறை, மரமே வேண்டாம் என்றது. டேக் திறந்தால் ஒரு செய்தி, எழுத்து வந்தால் ஒரு செய்தி, டேக் மூடினால் ஒரு செய்தி. எதை நினைவில் வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. நினைவகம் மிச்சம், ஆனால் எழுதுகிறவருக்குத் தலைவலி. எந்த டேக்குக்குள் இருக்கிறோம் என்பதையே நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நடுவழி ஒன்று பிறகு பரவலானது. ஓடையாகப் படித்துக்கொண்டே போ, 'பக்கம்' என்ற ஒரு டேக் மூடும்போது மட்டும் அந்தக் கிளையைக் குட்டி மரமாகக் கையில் கொடு, வேலை முடிந்ததும் தூக்கிப் போடு. பெர்ல் மொழியில் மிஷல் ரோட்ரிகஸின் எக்ஸ்எம்எல் ட்விக், பைத்தானில் இட்டர்பார்ஸ் இரண்டும் இதைச் செய்கின்றன. எக்ஸ்ஓஎம்மிலும் உண்டு. ஒரு கிளை முடிந்ததும் உங்கள் நிரலைக் கூப்பிடும், வேலையை முடித்துவிட்டு வெறுங்கையைத் திருப்பிக் கொடுத்தால் கிளை மரத்தில் சேராது. வேரை மட்டும் அப்படி மறைக்க விடாது.

இட்டர்பார்ஸில் ஒரு நுணுக்கம். டேக் திறந்த செய்தி வந்ததும் ஆர்வத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தால், பிள்ளைகள் இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் இல்லை. அந்தக் கணத்தில் தொடக்கக் குறிக்குள்ளேயே எழுதியிருக்கும் பண்புகள் மட்டுமே உறுதி என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. சின்ன ஃபைலில் சோதித்தால் எல்லாம் இருக்கும், ஏனென்றால் ஃபைல் மொத்தமும் ஒரே கவளத்தில் உள்ளே போயிருக்கும். பெரிய ஃபைலில் ஓட்டும்போதுதான் சில இடங்களில் காலியாக வரும். டேக் மூடும் செய்திவரை பொறுத்திருப்பதே சரி.

இன்னொன்று, பக்கத்தைப் படித்ததும் 'காலி செய்' என்று சொல்லியும் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தின் உள்ளடக்கம்தான் போயிருக்கும். வெறும் கூடாக அந்தப் பக்கம் வேரின் பிள்ளைப் பட்டியலில் தொங்கிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கான காலிப் பக்கங்களும் இடம் அடைக்கும். வேரையும் அவ்வப்போது காலி செய்ய வேண்டும்.

அப்படிக் கையில் கிடைக்கும் 'பக்கம்' என்ற துண்டில் என்ன இருக்கிறது? தலைப்பு, அடையாள எண், கட்டுரையின் உரை, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று ஓர் எண். பிரிவு எண் 10 என்றால் 'வார்ப்புரு' என்ற விளக்கம் பக்கத்தில் இல்லை. ஃபைலின் தொடக்கத்தில் தளத் தகவல் என்ற கிளையில் ஒரே முறை இருக்கிறது. 'இந்த ஃபைலின் மொழி தமிழ்' என்ற குறிப்பும் வேரில்தான். ஒரு லட்சம் பக்கங்களைத் தனித்தனி ஃபைலாக வெட்டி அடுக்கிவைத்தால், ஒன்றில்கூட அது தமிழ் என்று எழுதியிருக்காது. படிக்கும் மனிதருக்கு அது தேவையில்லை. அடுத்து அதை வாங்கும் புரோகிராமுக்குத் தேவை.

முடிவு வராத மரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எக்ஸ்எம்எல் விதி கறாரானது. மூடாத ஒரு டேக் இருந்தால் அது பிழையுள்ள ஆவணம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், எக்ஸ்எம்எல்லே இல்லை என்பார்கள். பார்சர் அதற்குமேல் போகக் கூடாது. ஆனால் அந்தப் பிழை ஃபைலின் கடைசி வரியில் இருந்தால்? இறக்கும்போது இணைப்பு அறுந்து கடைசிப் பகுதி வராமல் போனால்? அதற்குள் முன்னால் வந்த பக்கங்கள் எல்லாம் நம் கைக்கு வந்து, தரவுத்தளத்தில் ஏறியும் இருக்கும். கொடுத்ததைப் பார்சர் திரும்ப வாங்க முடியாது. விக்கிப்பீடியாப் பக்கங்கள் என்றால் பரவாயில்லை. சம்பளப் பட்டியல் என்றால் பாதிப் பேருக்கு மட்டும் சம்பளம் போயிருக்கும். பணம் சம்பந்தப்பட்ட ஃபைலை ஓடையாகப் படிக்கும் எந்த நிரலிலும், கடைசி டேக் மூடிய செய்தி வரும்வரை எதையும் உறுதி செய்யாதே என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

துண்டோடு போக வேண்டியவை

துண்டை அனுப்பும்போது அதன் சூழலையும் கூடவே அனுப்ப ஒரு பொது வழி வேண்டும் என்று டபிள்யூ3சியில் முயன்றிருக்கிறார்கள். மேலே யார் யார் இருந்தார்கள், எந்தெந்தப் பெயர்வெளி செல்லுபடியாகும் என்பதையெல்லாம் எழுதித் துண்டோடு இணைக்கும் திட்டம். 2001 பிப்ரவரியில் இறுதிக்கட்டத்துக்கு நெருங்கிய நிலைவரை வந்தது. தரநிலை ஆகவில்லை. அதனால் பொறுப்பு லைப்ரரிக்கும், லைப்ரரியைக் கையாளும் நமக்கும் வந்து சேர்ந்தது.

எந்த லைப்ரரி நல்லது என்று இளையவர்கள் கேட்கும்போது நான் பெயர் சொல்வதில்லை. துண்டை அது எப்படி நடத்துகிறது என்று மூன்று சோதனை நிரல் எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஒரு கிளையை இரண்டு மரத்தில் சேர்த்துப் பார். வேரில் அறிவித்த முன்னொட்டு உள்ள கிளையை வெட்டி எழுதிப் பார். கடைசி வரியை அழித்த ஃபைலைப் படிக்கக் கொடுத்துப் பார். மூன்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த லைப்ரரியோடு குடித்தனம் நடத்தலாம். என் சொந்தச் சாய்வு சத்தம் போடும் லைப்ரரிகள் பக்கம். எக்ஸ்ஓஎம்மின் பிழைச் செய்தி எரிச்சலூட்டும்தான். ஆனால் அது நான் நிரல் எழுதும்போதே வருகிறது. டாமின் மௌனமான நகர்த்தல் பதிப்பகத்துக்கு ஃபைல் போன பிறகு, ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சலாக வரும்.

எங்கள் குழுவில் கிளையை வெட்டிக் கொடுக்கும் நிரல் எதுவும் இப்போது கிளையை மட்டும் திருப்பித் தருவதில்லை. கூடவே செல்லுபடியாகும் பெயர்வெளிகள், மேலிருந்து வந்த மொழி, வெளியே சுட்டும் எண்களின் பட்டியல் இவையும் வர வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் காலி என்றே வர வேண்டும். இப்படி எழுதினால் நிரல் நீளும், ஓட்டமும் கொஞ்சம் மெதுவாகும். ஜிகாபைட் கணக்கில் ஓடும் வேலைக்கு இதைத் தளர்த்தலாமா என்று குழுவில் அடிக்கடி சண்டை வரும். தளர்த்த வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தத் துண்டை அடுத்து வாங்கப்போவது யார், அவரிடம் முழு ஆவணம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் வெறும் கிளையைக் கொடுங்கள். இல்லை என்றால் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.